இரண்டும் இடது

பின் சீட்டை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு நாற்காலி போதவில்லை. உறை மாற்றுவதற்காக ஷெட்டில் வந்து நிற்கும் பழைய காரிலிருந்து கழற்றிய சீட்டுகள் சும்மாதானே கிடக்கின்றன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. முன் சீட்டுகள் இரண்டும் ஏற்கெனவே சுவரோரம் போயிருந்தன. அதில் ஒன்றில் கொழுந்தன் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் கையை விட்டு, சாய்க்கிற லீவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இதுல உக்காரலாம்ல? புதுசு இன்னும் போடலையே?"

"உக்காருங்க தம்பி. பழைய உறைதான்."

அவள் முன்னறையில், கணவரின் தலைமாட்டில் இருந்தாள். திங்கட்கிழமை காலை, கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தவர் வெட்டு மேஜையோடு சரிந்துவிட்டார். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, சில நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கும் என்றார் டாக்டர். முன்னாடியே ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் எல்லாம் முடிந்து, அவருடைய சட்டையையும் அளவு டேப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கழுத்தில் டேப்போடு போகிற மனுஷன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பேரே தெரியாது. டேப்பு என்றால்தான் தெரியும்.

"அழுதுடும்மா, அடக்கி வைக்காத" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அடக்கவெல்லாம் இல்லை. வந்தால்தானே? காரின் கூரைத் துணி ஒட்டியாயிற்று, கதவு அட்டைகளும் முடிந்தன, பின் சீட்டின் ஓரத்துக்குக் கறுப்பு வைப்பதா, பழுப்பு வைப்பதா என்று மனசு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சீ, என்ன பொம்பளை நான் என்று தன்னையே வைதுகொண்டாள். அப்புறமும் கறுப்பா, பழுப்பா என்றுதான் ஓடியது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வருகிற ஆள் ஒருவரையும் விடவில்லை. அப்பா போன வாரம் எப்படி இருந்தார், பேச்சு குழறியதா, எதையாவது மறந்தாரா?

"ஏம்மா, உனக்குமா ஒண்ணும் தெரியல? கூடவே இருந்தியே."

"நல்லாத்தான் இருந்தார்டி."

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதில்தான்.

நல்லாவா இருந்தார்?

வியாழக்கிழமை டிரைவர் சீட்டின் பக்கவாட்டுத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். இடுப்பை அணைக்கிற துண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டுக்கும் அளவு அட்டை ஒன்றுதான். இடதுக்கு ஒரு முறை கோடு போட்டு, வலதுக்கு அட்டையைத் திருப்பி வைத்துக் கோடு போடவேண்டும். திருப்ப மறந்தால் இரண்டும் ஒரே பக்கமாகப் போய்விடும். ரெக்சினுக்கு ஒரு முகம்தான், தப்பாக வெட்டியதைத் திருப்பித் தைக்க முடியாது. புதுசாக வேலைக்குச் சேர்கிறவன் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. முப்பத்தோரு வருஷத்தில் அவர் செய்ததில்லை.

மெஷினில் வைத்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "என்னங்க, கார்க்காரருக்கு ரெண்டு இடுப்பும் இடது பக்கமா?"

அவர் சிரிக்கவில்லை. துண்டுகளை வாங்கி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். எது தப்பு என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

அந்த நிமிஷம் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. அது நிஜம். அப்புறம் வெயில், வயசு, கண்ணாடி மாற்றவேண்டும் என்று அவளே காரணம் கண்டுபிடித்தாள். மிச்ச ரெக்சினில் இடது, வலது இரண்டையும் அவளே புதுசாக வெட்டித் தைத்தாள். அவர் வெட்டிய இரண்டையும் மெஷினுக்குக் கீழே நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் சொருகினாள்.

சொன்னால் மகள் என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் இருந்துச்சேம்மா என்பாள். அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவரே சொன்னது வேறு வசதியாக இருந்தது.

நாலு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். முன் சீட்டுகளை ஷெட்டில் திரும்ப வைத்துவிட்டுக் கொழுந்தனும் கிளம்பினார். "பின் சீட்டை நாளைக்கு வந்து எடுத்து வைக்கிறேன் அண்ணி." அதில் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா என்னை அத்தைன்னு நெனச்சுப் பேசினாரு. ரெண்டு தடவை. நான் சிரிச்சேம்மா. தூக்கக் கலக்கமாப்பான்னு கிண்டல் பண்ணேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குமே ஒண்ணும் தெரியல. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. அப்பவே உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவர் எப்பவும் அப்படித்தானே, பேரை மாற்றி மாற்றிக் கூப்பிடுவார் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. மகள் நம்பியும் விடுவாள். ஆனால் நம்பின மாதிரி இருந்துவிட்டு, ஊருக்குப் போய்ப் படுத்தால் தூங்கமாட்டாள்.

நிலையை விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனாள். பசை வாடை இன்னும் போகவில்லை. டப்பாவை நகர்த்தி, துண்டுகளை எடுத்துவந்து மகளின் மடியில் வைத்தாள்.

வெட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் மகள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஓரம் நூல் பிசகாமல் பொருந்தியது. மேலே இருந்ததைத் திருப்பிப் போட்டாள். பொருந்தவில்லை. மறுபடி பழையபடியே வைத்தாள்.

"ரெண்டும் இடது" என்றாள்.

"ம்."

"அப்பா வெட்டினதா?"

"ம்."

"எப்போம்மா?"

"வியாழக்கிழமை."

மகளின் கட்டைவிரல் விரல் கணுக்களில் நகர்ந்தது. நாலில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றாள்.

மகள் கையை மூடிக்கொண்டாள். கொஞ்சம் நகர்ந்து சீட்டில் இடம் விட்டாள். அம்மா உட்கார்ந்ததும் பழைய ஸ்பிரிங் அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது.