பதறாதீர்கள் என்று தொடங்கும் உதவிக் குறிப்பு

...அப்படி என்ன பெரிய வித்தை, நாலு வரி உதவிக் குறிப்பு, அவ்வளவுதானே, அழிந்த கோப்புகளை மீட்கும் கருவியையே ஒற்றை ஆளாக எழுதியவள் இவள், கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் துழாவி எடுத்து வரும், அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின, அப்போதெல்லாம் வாய் திறக்காத மேனேஜர் இன்று கூட்டத்தில் சுருட்டையைப் பார்த்து, "இப்பதாம்மா இது மனுஷங்க தொடுற மாதிரி இருக்கு" என்கிறார். சுருட்டை, அவள் முடிக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர், வந்து இன்னும் நாற்காலிகூடச் சூடாகவில்லை, நிரலில் ஒரு வரி எழுதியதில்லை, எழுதியதெல்லாம் இந்தக் குறிப்பு மட்டும்தான், சமைத்தவள் ஒருத்தி, பரிமாறியவளுக்குக் கைதட்டல்... 'பதறாதீர்கள். முதலில் கையை எடுங்கள். அந்த டிஸ்கில் இனி எதையும் சேமிக்காதீர்கள். அழிந்தது பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கிறது.' இதுவா உதவிக் குறிப்பு, தாலாட்டு. இவள் ஒப்புதல் தந்தால்தான் வெளியே போகும், தருவாளா, ஒரு பிழைகூடவா கிடைக்காது, மூன்றாம் தடவையாகத் தேடிக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன்.

அக்கா போட்டோ எடுத்துப் பிழைப்பவள், யாருடைய கல்யாணத்தையோ எடுத்த மெமரி கார்டை அவளே அழித்துவிட்டாளாம், உயிரே போய்விட்டதாம், சோதித்துப் பார்க்க இவள் போன வாரம் போட்டுக் கொடுத்த கருவியின் புதுப் பதிப்பைத் திறந்தாளாம், ஒரு படம் விடாமல் வந்துவிட்டதாம். "திறந்ததுமே 'பதறாதீர்கள்'னு வந்துச்சுடி. அதைப் படிச்சதும் நீ பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருந்துச்சு. நீதானே எழுதின?"

"ஆமாக்கா."

எப்படி வந்தது அந்த ஆமா, நாக்கு கூசவில்லையா, கருவி தன்னுடையது என்று சொல்லியிருந்தால் போதுமே, அக்கா அதைக் கேட்கவேயில்லையே... பக்கத்து மேசையிலிருந்து சுருட்டை எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, பாத்துட்டீங்களா? ஏதாவது மாத்தணுமா?" சுருட்டையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். "ஒண்ணும் வேணாம், அப்படியே இருக்கட்டும்." ஒப்புதலைத் தட்டிவிட்டாள். முன்பொரு தடவை இப்படித்தான் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டாள், எல்லாம் எழுதி வெச்சிருக்கேனே, படிச்சுப் பாரேன் என்று போனை வைத்தவள் இவள்தான், பக்கத்தில் எப்போது உட்கார்ந்தாள், அப்படியிருக்க நீதானே எழுதின என்று அக்கா கேட்டது நம்பித்தானா, இல்லை, நீயாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியா...