ஒரு ஸலவாத்து நேரம்

என் பெயர் பஹ்மிதா. கல்முனைக்குடியில் இருந்துகொண்டு கல்யாண வீடுகளில் பெண்ணுக்குப் படம் எடுக்கிறவள். ஆண் ஒருவன் எட்டிப் பார்க்க முடியாத மணப்பெண்ணின் அறைக்குள் கமராவோடு போகக் கூடியவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். றிஸ்மியாவின் படம் பேஸ்புக்கில் வரும்வரை அந்தத் தொழில் நன்றாகத்தான் ஓடியது.

முக்காடு இல்லாமல், கூந்தல் நிறையப் பூ வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிற படம். பெண்கள் மட்டும் பார்க்கவென்று எடுத்தது. நான் கல்யாண அல்பத்தைக் கொடுத்த கையோடு ஊர் ஆண்களின் போன்களில் எல்லாம் அது கிடந்தது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு பெரியவர்கள் கதைத்துக் கூட்டி வந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை றிஸ்மியா வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

பழி யார் தலையில்? என் தலையில்தான். "பஹ்மிதாதான் வித்திட்டா. அவட கமராவுல இரிந்ததுதானே" என்று முதலில் வாய் திறந்தவர் றிஸ்மியாவின் சாச்சி, அதாவது சின்னம்மா, பாத்தும்மா. சாய்ந்தமருதில் அவருக்குப் பெரிய குடும்பம், அதைவிடப் பெரிய குரல். கடற்கரை முழுக்க அந்தக் கதை போய்ச் சேர ஒரு கிழமை தேவைப்படவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பேஸ்புக்கில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் சரிவாக ஒரு வெள்ளைக் கீற்று. அல்பத்தின் பளபளப்பான தாளில் லைட் பட்டால் விழுகிற கீற்று அது. யாரோ அல்பத்தை விரித்து வைத்துப் போனால் எடுத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் அதைக் காட்டினேன். சொல்லச் சொல்ல, குற்றம் செய்தவள்தான் இவ்வளவு விளக்கம் சொல்லுவாள் என்று பார்த்தார்கள். ஒத்துக்கொண்ட கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

சரி, போனுக்குள் போகவே முடியாத படம் ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

அக்கரைப்பற்றில் ஒரு பழைய ஸ்டூடியோவை இடித்துப் பழச்சாறுக் கடை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். குப்பையோடு குப்பையாக மரத்தாலும் பித்தளையாலும் ஆன ஒரு பெட்டிக் கமரா கிடந்தது. முன்னால் லென்ஸ், பின்னால் மங்கல் கண்ணாடி, நடுவில் இழுத்தால் நீளுகிற துருத்தி. லென்ஸ் வழியே வருகிற காட்சி அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும். படத்தின் அளவு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

என்னைக் கட்டின மாப்பிள்ளை சியாம் முச்சக்கர வண்டிகளுக்கு குஷன் அடிக்கிறவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ இத வச்சி என்னகா செய்யப் போறா? கோழி அடைக்கவா?"

"ஒங்களத்தான் அடைக்கப் போறன். ஒட்டுற பசையக் கொண்டாங்க."

துருத்தி எலி கடித்த சாக்குப் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. சியாமிடம் இருந்த கறுப்பு றெக்சினை வெட்டி ஒட்டினோம். அது தடிப்பு, மடங்க மறுத்தது. உரித்து எறிந்தேன். கடைசியில் என் பழைய கறுப்பு அபாயா அங்கி ஒன்றை வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்து ஒட்டினேன். அது மடங்கியது. மிச்சத் துணி, கண்ணாடியில் உருவம் பார்க்கும்போது தலைக்கு மேல் போர்த்திக்கொள்ள உதவியது. லென்ஸின் கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே இறுகிக் கிடந்தது. தைல டப்பியின் மூடிக்கு உள்ளே வெல்வெட் ஒட்டி லென்ஸுக்கு மாட்டினேன். மூடியைக் கழற்றினால் படம் பதியத் தொடங்கும், மாட்டினால் நிற்கும். இதற்குப் போடுகிற பிலிம் இங்கே எங்கே கிடைக்கும்? கொழும்பில் இருந்து கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிற பேப்பரை எடுப்பித்து, சிவப்பு லைட்டில் வெட்டினேன். கண்ணாடித் தகடு வைக்கிற சட்டத்தில் பேப்பர் நிற்கவில்லை. பால்மா டின்னைத் தட்டையாக்கி, கறுப்பு மை பூசி, அதில் பேப்பரைச் செருகினேன்.

முதலில் எடுத்ததெல்லாம் அட்டைக் கறுப்பு. துருத்தியில் இன்னும் ஓட்டை. அடைத்தேன். பிறகு சாம்பல். நேரம் பிழை. மூடியைக் கழற்றி நபியவர்கள் மேல் ஓதுகிற ஸலவாத்து ஒன்றை மனதுக்குள் முழுசாக ஓதி முடித்து மூடினால், ஜன்னல் வெளிச்சத்தில் படம் சரியாக விழுகிறது என்று கண்டுபிடிக்கும்வரை பேப்பர் போய்க்கொண்டே இருந்தது.

"விடுகா இத. தையல் மிஷின் ஒண்டு எடுத்துத் தாறன்" என்றார் சியாம். பாவம், என் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏலாமல் போயிருக்க வேண்டும்.

"தையல் மிஷின் வந்தா என்ட பேரு திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

பேப்பரில் முதலில் விழுவது நெகட்டிவ். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். அதைப் புதுப் பேப்பர் ஒன்றின் மேல் குப்புற வைத்து, டோர்ச் லைட்டை ஒரு கணம் காட்டிக் கழுவினால் சரியான படம் வரும். பிறகு நெகட்டிவைப் பெண்ணின் கண் முன்னாலேயே எரித்துவிடலாம். மிஞ்சுவது ஒரே ஒரு படம், அதுவும் பெண்ணின் கையில்.

முதல் ஆளாகப் பாத்தும்மாவின் வீட்டுக்குத்தான் போனேன். என் பெயர் கெட்டது அந்த வாயால், அந்த வாயால்தான் அது திருந்த வேண்டும் என்று பிடிவாதம் எனக்கு. அவருடைய மகள் ஷாஹினாவுக்குக் கல்யாணம் நாள் வைத்திருந்தார்கள்.

"எந்த மூஞ்சோடகா இஞ்ச வந்த நீ?" என்றார் பாத்தும்மா, கேற்றைத் திறக்காமலே.

"கழுவின மூஞ்சோடதான் மாமி" என்றேன்.

உள்ளே இருந்து ஷாஹினா ஓடி வந்தாள். றிஸ்மியாவின் விசயத்துக்குப் பிறகு, தன் மகளின் கல்யாணத்தில் ஒரு படமும் கூடாது என்று பாத்தும்மா தடை போட்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்து, எப்படி எடுப்பது, எப்படி எரிப்பது என்று எல்லாவற்றையும் கேற்றுக்கு வெளியே நின்றே சொன்னேன். ஷாஹினா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, ஒரு படங்கூட இல்லாம எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். இது போனுல போகாதாமே."

பாத்தும்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அறைக்குள்ள வாற அத்தின பேரிட போனையும் கூடையில போட்டு நானே வச்சிருப்பன். நெகட்டிவ என்ட கண்ணுக்கு முன்னால எரிக்கணும். ஒண்டு பிழச்சாலும் ஊரு முழுக்கச் சொல்லுவன், சொல்லிப்போட்டன்."

ஏற்கெனவே சொல்லியாச்சே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு ஓம் என்றேன்.

கல்யாணத்தன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அறைக்குள் நுழைந்தேன். பெண்கள் நிறைந்து வழிந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் பாத்தும்மா, மடியில் போன் கூடை. மூலையில் சாம்பிராணிச் சட்டிக்குப் பக்கத்தில் றிஸ்மியா முக்காட்டை இழுத்துப் போர்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பிள்ளையும் அதை நம்பிவிட்டாளே.

அறையோடு சேர்ந்த குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டு, தட்டுகளில் படம் கழுவுகிற மருந்தைக் கரைத்து வைத்தேன். ஷாஹினாவை ஜன்னலோரம் கதிரையில் இருத்தினேன். துணியைத் தலைக்கு மேல் போட்டதும் சிரிப்பு வெடித்தது.

"இஞ்ச பாருங்கடி, அபாயாவுக்கு மேல அபாயா!"

"சிரிங்க, சிரிங்க. கமராவுக்குக் காது கேக்காது" என்றேன் உள்ளே இருந்து. கண்ணாடியில் ஷாஹினா தலைகீழாக, மருதோண்டிக் கைகளோடு அவ்வளவு வடிவாக இருந்தாள். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தி அவள் கண் தெளிவாகும் இடத்தில் நிறுத்தினேன். பேப்பர் வைத்த டின் தகட்டைச் செருகினேன். "அசையாம இரிக்கணும் புள்ள." மூடியைக் கழற்றினேன்.

பதற்றத்தில், மனதுக்குள் ஓத வேண்டிய ஸலவாத்தை வாய்விட்டு ஓதிவிட்டேன். கல்யாண வீட்டில் ஸலவாத்துக் கேட்டால் விடுவார்களா? அறை முழுக்கச் சேர்ந்து ஓதியது. நான் மூடியை மாட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன்.

நெகட்டிவ் தட்டில் எழும்பி வந்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது, கையில் மருதோண்டியின் ஒவ்வொரு கோடும் இருந்தது. வாய் இருந்த இடத்தில் மட்டும் புகை.

பாத்தும்மா கதவிடுக்கால் பார்த்துவிட்டார். "என்ட புள்ளக்கி வாயில்லையா? இதுக்கா இவ்வளவு ஆட்டம்?"

லென்ஸிலா பிழை, துருத்தியிலா பிழை என்று தலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷாஹினா பாவமாகக் கேட்டாள். "நான் அசையலையே ராத்தா. ஸலவாத்து மட்டுந்தான் ஓதினன்."

"அடி என்ட ராசாத்தி, நீயுமா ஓதின?"

"எல்லாரும் ஓதக்குள்ள வாய் சும்மா இரிக்குமா?"

குற்றம் என்னுடையது. அந்த அறையில் யாரைத் திட்டுவது? புதுப் பேப்பரைச் செருகிக்கொண்டு வந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, இப்போது இரண்டு ஸலவாத்து நேரம் தேவைப்படும். தூரத்தில் மாப்பிள்ளையைக் கூட்டி வருகிற வாகனங்களின் ஹோர்ன் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வந்து தாலி கட்ட உள்ளே நுழைந்தால் இந்த வெளிச்சமும் இல்லை, இந்தப் படமும் இல்லை.

"மாப்புள வந்திட்டுப் போகட்டும், விடுகா" என்றது ஒரு குரல்.

"விட மாட்டன்" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷாஹினாவின் கொண்டையை அலுமாரிக் கதவோடு சாய்த்துப் பின்னால் ஒரு தலையணையைத் திணித்தேன். "இந்தத் தரம் எல்லாரும் கல்புக்குள்ள, மனசால மட்டும் ஓதுங்க. ஒரு உதடும் அசையக் கூடாது. கைப்புள்ள அழுதாலும் வெளிய போய் அழட்டும்."

மூடியைக் கழற்றினேன். அத்தனை பெண்கள் இருந்த அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும். ஷாஹினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைகூட அடிக்கவில்லை. ஓதி முடித்து மூடினேன்.

நெகட்டிவ் கண்ணாடி மாதிரித் தெளிவு. பெண்ணை அலங்கரிக்க வந்தவளின் தலைமுடி உலர்த்துகிற மிஷினைப் பிடுங்கி அதைக் காய வைத்தேன். புதுப் பேப்பரில் குப்புற வைத்தேன், டோர்ச்சை அடித்தேன், தட்டில் போட்டேன். வெறும் வெள்ளையில் முதலில் கூந்தல் வந்தது, பிறகு கண், பிறகு மூடிய உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. குளியலறைக்குள் தனியே நின்று அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தினேன்.

வெளியே வந்து, சொன்ன சொல்லுக்கு முதலில் இரண்டு நெகட்டிவையும் வெட்டிச் சாம்பிராணிச் சட்டியில் போட்டேன். பிளாஸ்டிக் நாற்றத்தோடு எரிந்தன. பாத்தும்மா கடைசித் துண்டு கருகும்வரை குனிந்து பார்த்தார். பிறகு படத்தை அவருடைய கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "மாஷா அல்லாஹ். என்ட புள்ளயா இது!" பெண்கள் குரவை போட்டார்கள். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது, பொய் சொல்லவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் அது நடந்தது. பாத்தும்மா படத்தைக் கட்டிலில் வைத்தார். மடிக் கூடைக்குள் கையை விட்டுத் தன்னுடைய போனை எடுத்தார். படத்துக்கு நேரே பிடித்தார்.

நான் பாய்ந்து, தோளில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்துப் படத்தை மூடினேன்.

"என்னகா இது? ஒண்டே ஒண்டுதான். குவைத்துல இரிக்கிற தங்கச்சிக்கு மட்டும்" என்றார். "அவ பாத்திட்டு அழிச்சிருவா. றிஸ்மியாட அல்பத்தையும் நான் இப்பிடித்தானே அவளுக்கு எடுத்து..."

அங்கே நின்றது அவருடைய வாய். போன் பிடித்த கை அப்படியே இருந்தது. முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். இந்த மனிசி பொய்க்காரி இல்லை. தங்கச்சிக்கு அனுப்பியதை அனுப்பியதாகவே இவ்வளவு நாளும் நினைக்கவில்லை. குவைத்தில் அந்தத் தங்கச்சி யாருக்கு அனுப்பினாரோ, அவர்கள் யாருக்கு அனுப்பினார்களோ.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், வேறென்று யாரும் நினைக்க வேண்டாம்.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமி" என்றேன். "எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

"பஹ்மிதா..."

"என்னப் பத்தி ஊருக்கே கேக்கச் சொன்ன நீங்கதானே. இதையும் சொல்லுங்க."

ஹோர்ன் சத்தம் வீட்டு ஒழுங்கை முனைக்கு வந்துவிட்டது. ஒருவரும் எழும்பவில்லை. பாத்தும்மா போனைக் கூடைக்குள் போட்டார். தலையை நிமிர்த்தி, அவருடைய அதே பெரிய குரலில் சொன்னார். "றிஸ்மியாட படத்த அல்பத்துல இரிந்து எடுத்தது நான். அனுப்பினது நான். இந்தப் புள்ள ஒண்டும் செய்யல்ல. பழிய இவட தலையில போட்டதும் நான்தான். அல்லாஹ் என்ன மன்னிக்கட்டும்."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. துணியை எடுத்து, படத்தை ஷாஹினாவின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

மூலையில் றிஸ்மியா எழும்பினாள். தன் சாச்சியை அவள் பார்க்கவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரக் கதிரையில், என் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.

"பேப்பர் இரிக்கா ராத்தா?"

"இரிக்கி. ஆனா வெளிச்சம் போயிட்டு புள்ள. மூணு ஸலவாத்து நேரம் அசையாம இரிக்கணும்."

"எத்தினயெண்டாலும் இரிப்பன்" என்றாள். "எடுங்க."