தலைக்கு அச்சு இல்லை

காலுக்கு மர அச்சு எங்கள் கடையில் எல்லா அளவிலும் உண்டு. தலைக்கு இல்லை. செருப்புத் தைக்கிற கடையில் தலைக்கு அச்சு எதற்கு?

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் அந்த ராணுவத் தொப்பியைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். இரும்புத் தொப்பி வருவதற்கு முந்தின காலத்தது. முழுக்கத் தடித்த தோல். காய்ந்து விறகாகிக் கிடந்தது. பின்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

"எங்க அம்மாவோட அப்பா போட்டிருந்தது அண்ணே. அவர் திரும்பல, இதுதான் வந்துச்சு. அம்மாவுக்கு இப்போ கண்ணு சுத்தமாத் தெரியல. தினம் இத மடியில வச்சுத் தடவும். விரல் அந்த ஓட்டையில போனதும் அழுகை. தூக்கமே இல்ல. இந்த ஓட்டைய மட்டும் இல்லாமப் பண்ணிடுங்க. போற காலத்துல நிம்மதியாத் தூங்கட்டும்."

ஈரத்துணி சுற்றி வைத்து, தோல் இளகியதும் உள்ளே ஒட்டுப் போட்டேன். ஒட்டின் ஓரத்தைக் காகிதம் போலச் சீவி, மெழுகு நூலில் தைத்து, தையல் தெரியாமல் தேய்த்தேன். இடது காதுக்கு மேலே ஒரு புடைப்பு இருந்தது. நசுங்கல் என்று நினைத்து அதையும் அமுக்கிச் சமன் செய்தேன். இனி ஈரத்தோல் எதன் மேலாவது இருந்து காயவேண்டும். இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும்.

"ஏங்க, உங்க தலை சும்மாதானே இருக்கு? மாட்டிக்கோங்க," என்றாள் என் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "இத்தன வருஷத்துல அதுக்கும் ஒரு வேலை கிடைச்ச மாதிரி இருக்கும்."

மாட்டிக்கொண்டே மற்ற வேலையைப் பார்த்தேன். செருப்பு வாங்க வந்த பால்காரர், "என்ன தலைவரே, சண்டை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தோல் காயக் காயத் தலையைப் பிடித்தது. தெருச்சத்தம் தூரப் போய்விட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு வேறு கேலி வரும்.

வாங்கிப்போன மறுநாள் காலையிலேயே அந்தப் பெண் வந்து நின்றாள்.

"ஓட்டை போச்சு அண்ணே. ஆனா அம்மா பயப்படுது. உள்ள கைய விட்டுப் பாத்துட்டு, 'இது எங்கப்பா தலை இல்ல, வேற எவனோ வந்து உக்காந்திருக்கான், சூடா இருக்கான்'னு கத்துது. தாத்தாவுக்குக் காதுக்கு மேல கட்டி மாதிரி ஒரு கழலை இருந்துச்சாம். அத எங்கன்னு தேடுது."

மனைவி என்னைப் பார்த்தாள். காலில் ஆணி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் தோலைத் தளர்த்தித் தைப்பவன் நான். தலைக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

"பிரிச்சிடுங்க அண்ணே. அழுதாலும் பரவாயில்ல, அவங்க அப்பாவே இருக்கட்டும்."

ஒட்டைப் பிரித்து, மறுபடி நனைத்து, இந்த முறை எதன் மேலும் மாட்டாமல் பலகையில் வைத்தோம். கோணினால் கோணட்டும். துணிப்பந்தை உள்ளே வைத்துப் புடைப்பை எழுப்பலாம் என்றிருந்தேன். தேவைப்படவில்லை. காயும்போதே காதுக்கு மேலே தோல் தானாக எழும்பி வந்தது.

"தோல் பழைய வளைவுக்குத்தான் போகும். நாம பாக்காததா?" என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, அன்று முழுவதும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அம்மா தூங்குது அக்கா. கழலையக் கண்டுபிடிச்சிடுச்சு. ஓட்டையில விரல விட்டு நல்லா அழுதுச்சு. ஆனா..."

"ஆனா என்னம்மா?" என்றாள் மனைவி.

"'அந்த இன்னொருத்தன் எங்க? வாசல்ல நிக்கிறானா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரும் இல்லன்னா நம்பல. கதவுப் பக்கமே காத வச்சிக்கிட்டுக் கிடந்துச்சு. கடைசியில, அவரும் செத்துட்டாரும்மான்னு சொன்னேன். அப்புறந்தான் தூங்குச்சு."

"தூங்கினா சரிதான்," என்றேன்.

மனைவி குத்தூசியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தடவிப் பார்த்தாள். கேலி எதுவும் சொல்லவில்லை.