எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லுங்க

வளைகுடா நாட்டில், முவைலா என்ற ஊரில் இருந்த அந்த கிளினிக்கில் பழனிச்சாமியின் டோக்கன் நாற்பத்தேழு. முப்பத்தெட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் ஒன்பது வருடமாக நூற்றைம்பது பேருக்குச் சமைக்கிறவர், சும்மா உட்காரத் தெரியாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லுங்கண்ணே," என்றான் அதே கேம்ப்பிலிருந்து துணைக்கு வந்திருந்த தியாகு. "தலைவலியா? இல்ல. தூக்கம் வரலியா? இல்ல. விசா மெடிக்கல்ல நாங்கல்லாம் அப்படித்தான் தப்பிச்சோம்."

"சரி தம்பி."

அவருக்கு அறுபத்தொரு வயது. சாம்பாரில் இரண்டு முறை உப்பு இல்லை, ஒருமுறை அடுப்பை அணைக்காமலே போய்ப் படுத்துவிட்டார். அதை எல்லோரும் சிரிக்கிற மாதிரி சூப்பர்வைசர் பாலகுருவிடம் நடித்துக் காட்டியவன் தியாகுதான். நாக்கில் சனி. மறதி நோய் இல்லையென்று டாக்டர் கடிதம் வந்தால்தான் விசாவைப் புதுப்பிக்க முடியும் என்று பாலகுரு சொல்லிவிட்டார். மனசு கேட்காமல், கூட்டிவரும் வேலையைத் தியாகுவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

நர்ஸ் அருணா நாகர்கோவில்காரி. முதல் தாளில் தேதி, கிழமை, மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டல். இதற்கெல்லாம் இல்லையென்று சொல்ல முடியாதே என்று தியாகுவுக்கு உதறியது. பழனிச்சாமி ஒன்றைக்கூட விடவில்லை.

"ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று அவள் இரண்டாவது தாளை எடுத்தாள். "இது மனசப் பத்தி. வயசானவங்க எல்லார்கிட்டயும் கேக்கோம். உங்க வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா இருக்கா ஐயா?"

"இல்ல."

தியாகு நிமிர்ந்தான்.

"அடிக்கடி அழுகை வருதா?"

"இல்ல."

"உயிரோட இருக்கது நல்லதுன்னு தோணுதா?"

"இல்ல."

அருணா பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், நான்தான் எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லச் சொன்னேன்," என்றான் தியாகு. முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, இதுக்கு ஆமான்னு சொல்லணும்."

பழனிச்சாமி அவனைப் பார்த்தார். "அழுகை வரலேன்னது நீ சொல்லிக் குடுத்தது தம்பி. மத்ததுக்கு நீ சொல்லிக் குடுக்கவே வேண்டாம். அது இல்லதான்."

பிறகு அருணாவிடம் சொன்னார். "ஆடியில வீட்டுக்காரி போயிட்டா. லீவு குடுக்கல. எடுத்துட்டுப் போறதப் போன்ல பாத்தேன். அடுப்புல மதியத்துக்கு அரிசி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

உப்பில்லாத சாம்பார் ஆவணியில். தியாகுவுக்குச் சாவுச் செய்தி தெரியும். செய்தி வந்த அன்று மதியம் "பாவம்ணே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டியவர்களில் அவனும் ஒருவன்.

டாக்டர் அவரிடம் வெகுநேரம் தனியாகப் பேசினார். மறதி நோய் இல்லை, மனச்சோர்வு, மருந்து எடுத்தால் சரியாகும், வேலை பார்க்கலாம், வாரம் ஒருமுறை வர வேண்டும். எல்லாம் கடிதத்தில் இருந்தது.

பாலகுரு முதல் வரியில் 'டிப்ரஷன்' வரை படித்தார். "மெண்டல் கேஸா? கேஸ் அடுப்புக்கிட்ட விட்டு, நாளைக்கு எவன் பதில் சொல்றது? கேன்சல்."

"சார், வேலை பாக்கலாம்னு கீழ போட்டிருக்கு சார்."

"நீதானடா மொதல்ல சொன்னே? அடுப்ப அணைக்காமப் போனாருன்னு கம்ப்ளைண்ட், அதுல உன் கையெழுத்து வேணும். இல்ல, உன் பேப்பரையும் சேத்து கேன்சலுக்கு அனுப்பவா?"

தியாகுவுக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டான். அன்று பூராவும் தன் பெயரே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மதியம் மெஸ்ஸில் புது ஆள் கரண்டி பிடித்திருந்தான். பழனிச்சாமி ஒன்பது வருடத்தில் முதல்தடவையாகத் தட்டோடு வரிசையில் நின்றார். தியாகு நாலு பேருக்குப் பின்னால் நின்றான்.

"கார்டு, பாய்?" என்றான் புது ஆள்.

சாப்பாட்டுக் கார்டு சாப்பிடுகிறவர்களுக்குத்தான். சமைக்கிறவருக்கு யாரும் கொடுத்ததில்லை. பழனிச்சாமி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"கார்டு மாஃபி, கானா மாஃபி. கார்டு இல்லன்னா சாப்பாடு இல்ல. ஜல்தி, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அவர் தட்டோடு ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார். வரிசை முன்னால் போயிற்று. தியாகுவும் தன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல், ஓர் அடி முன்னால் வைத்தான்.