இடது கை முடிச்சு

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சாமி முன்னால் நிற்கக்கூடத் தெரியவில்லை என்று குமாகிச்சி முணுமுணுத்தார். இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட வேண்டிய இடத்தில் ஒரு கையில் ஐஸ்கிரீம், மறு கையில் போன். எதைக்கொண்டு தட்டுவதாம்?

அவரும் பெரிய பக்திமான் இல்லை. ஆயுசெல்லாம் கணவாய் மீன் பிடித்தவர். கடலையே நம்பாதவர் கடற்கரைக் கோயிலையா நம்பப்போகிறார்? ஆனால், படகைத் தன்னிடம் விடச்சொல்லி மகள் சிஹோ நச்சரித்த நச்சரிப்பில், "கோயில்ல குறிச்சீட்டு எடு. நல்லதா வந்தா சாவி உனக்கு" என்று வாயை விட்டுவிட்டார்.

சிஹோ சீட்டைப் பிரித்தாள். முகம் சுண்டிவிட்டது. கெடுதல் என்றிருந்தது.

"முடிஞ்சுது. வா, சோறு திங்கப் போவோம்." குமாகிச்சிக்குக் குஷி தாங்கவில்லை.

"இருப்பா. கெட்ட சீட்டைப் பழக்கமில்லாத கையால, ஒத்தக் கையாலயே இங்க கட்டிட்டா நல்லதாயிடும். இந்த ஊர்ல பொறந்துட்டு உனக்குத் தெரியாதா?"

"நல்லது வந்தா வீட்டுக்கு, கெட்டது வந்தா சாமி தலையிலயா? சரி, கட்டு. கிழிஞ்சா படகுப் பேச்சே எடுக்கக் கூடாது."

"கிழியலேன்னா சாவி?"

"கட்டுடி முதல்ல!"

கொடிக்கயிற்றில் யார் யாரோ கட்டிய சீட்டுகள் கடற்காற்றில் படபடத்தன. சிஹோ வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடது கை விரல்கள் சீட்டை மடித்தன, சுற்றின, நுழைத்து இழுத்தன. கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

"எங்கடி கத்துக்கிட்ட?"

"வலது கை சுக்கான்ல இருந்தா கயித்தைப் பல்லாலயா கட்டுறது? நீ குறட்டை விடுறப்போ படகு தானா ஓடுச்சுன்னு நினைச்சியா?"

"நான் குறட்டை விட்டதே இல்ல."

"கணவாயெல்லாம் கேட்டுட்டு ஓடுச்சே!"

"அப்போ இது பழகின கை! செல்லாது!"

குமாகிச்சி முடிச்சைப் பிடித்து இழுத்துப்பார்த்தார். அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"சாமி சொன்னதுக்காக இல்ல. முடிச்சுக்காகக் கொடுக்கறேன்."

"கும்பிட்டுட்டாவது போப்பா!"

"எதுக்கு? உன் சாமி கெடுதல்னுதானே சொல்லுச்சு?"

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.