பதினோரு அறிகுறிகள்

எங்கள் அச்சகத்தில் மெஷினில் ஏற்றிய வேலையைப் பாதியில் இறக்கும் வழக்கமில்லை. அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது மெஷின் நின்றிருந்தது. மெஷின்காரர் மையைத் துணியில் துடைத்தபடி ஓரமாக நின்றார். தட்டில் கிடந்தது எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. நாற்பது பிரதி விழுந்திருந்தது. மீதி முந்நூற்று அறுபதும் வெறும் அட்டை.

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“மாப்பிள்ளையேதான் சொன்னாருங்க.”

மாப்பிள்ளை என்றால் என் தம்பி மகன். இருபத்தெட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். தம்பி போய் ஒன்பது வருடமாகிறது. அதன்பிறகு அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நான்தான் பெரியவன். அச்சகத்தில் புரூஃப் படிப்பது அவன் பொறுப்பு. ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் முகம் சுளிக்கிறவன். பத்திரிகையில் ஏதோ பிழை கண்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவன் மேஜை முன்னால் போய் நின்றேன்.

“எந்த வரியில தப்பு?”

“வரியில இல்ல பெரியப்பா. கல்யாணமே வேண்டாம். அவங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க.”

வேறு எதையும் அவனிடமிருந்து பிடுங்க முடியவில்லை. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க அதே கூடத்துக்கு எந்த முகத்தோடு போவது? மூன்று நாள் எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நானூறு அடி. அதைத் தினமும் பத்து முறை அளந்தேன்.

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்று முணுமுணுத்தாள்.

“அவன் சரியா சாப்பிட்டே ஒரு மாசம் ஆகுது அத்தான். வேற எங்கயாவது மனசு வச்சிருக்கானோ என்னவோ, கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறையில், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“வேற பொண்ணு இருக்கா?”

“இல்ல.”

“இந்தப் பொண்ணைப் பிடிக்கலையா?”

“அவளைப் பிடிச்சதாலதான் சொல்றேன்.” கட்டுகளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். “நான் கல்யாணத்துக்கு லாயக்கில்ல பெரியப்பா. உடம்பைக் கெடுத்துக்கிட்டேன். எனக்கு ஒரு பழக்கம்... பல வருஷமா. தனியா இருக்கும்போது.”

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல் நிற்க ஆசைப்பட்டேன், முடியவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் அப்பா என்னிடம் சொன்னதில்லை, நான் தம்பியிடம் சொன்னதில்லை. சுய இன்பம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் தப்பு என்று யாரும் கேட்டதில்லை. நானும் அந்த இருட்டில் வளர்ந்தவன்தான்.

“எல்லாம் வத்திப் போச்சு பெரியப்பா. மறதி, கை வேர்க்குது, முடி கொட்டுது. ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து அவ வாழ்க்கையையும் கெடுக்கணுமா?”

“வாயை மூடு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்.”

எங்களை யாரும் அறியாத பக்கமாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறிப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் பேனாவை எடுத்தாள்.

“பேஷண்ட் பேரு?”

சின்னவன் தரையைப் பார்த்தான். நான் என் பெயரைச் சொன்னேன்.

“வயசு?”

“எழுபத்தொண்ணு.”

“என்ன தொந்தரவு?”

“டாக்டர்கிட்ட சொல்லிக்கறேன்.”

டாக்டர் நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

“உங்களுக்கா ஐயா?”

“இவனுக்கு. பேரு மட்டும் என்னோடது.”

சிரிக்கவில்லை. சீட்டில் என் பெயரை அடித்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் கழித்து, அவன் சம்மதத்தோடுதான் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார்.

“இதுல நோயே கிடையாது ஐயா. சுய இன்பத்தால உடம்பு இளைக்காது, நரம்பு தளராது, கண்ணு போகாது, ஆண்மையும் போகாது. உடம்பு விந்தைத் தானா உற்பத்தி பண்ணிக்கிட்டே இருக்கும். சேமிச்சு வச்ச சத்து எதுவும் செலவாகிப் போயிடறதில்ல. பெரும்பாலான பேர் செய்யறதுதான். இவரோட வேலையைக் கெடுக்கற அளவுக்கு, நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியாத அளவுக்குப் போகுதான்னு கேட்டேன். அப்படியும் இல்ல. அப்படி இருந்தாலும் பேசிச் சரி பண்ணிடலாம்.”

“அப்ப இந்த இளைப்பு, மறதி?”

“ஒரு மாசமா தூங்கல, சாப்பிடல. பயம்தான் இவரை உருக்குது. பழக்கம் இல்ல.” பிறகு என்னிடமே கேட்டார்: “வீட்ல யாராவது இதைப் பத்தி இவர்கிட்ட பேசியிருக்கீங்களா?”

“எங்க வீட்ல இதெல்லாம் பேசறதில்லம்மா.”

“பேசலைன்னா இவ்வளவு விவரமா யாரு சொல்லிக் கொடுத்தா?”

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டும், ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்லி ஒரு தேதியும் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. என் மனப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இனி மெஷினை ஓட்டச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

“அந்தம்மாவுக்கு என்ன பெரியப்பா, வந்தவங்களைத் தேத்தி அனுப்பறதுதான் தொழில்” என்றான். “அச்சுல வந்தது பொய்யாகுமா? பதினொரு அறிகுறி. அதுல ஒம்பது எனக்கு இருக்கு.”

“எதுல வந்தது?”

அவன் பர்ஸிலிருந்து தாள் எதையும் எடுக்கவில்லை. எதிரே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே மனப்பாடமாகச் சொன்னான்:

“இளமையில் கைப்பழக்கத்தால் தம்மைத் தாமே இழந்தோர் கவனிக்க. கண் குழிவிழுதல், கன்னம் ஒட்டுதல், உடல் மெலிதல், உறக்கமின்மை, முழங்கால் வலி, உள்ளங்கை வியர்த்தல், முடி உதிர்தல், ஞாபக மறதி, பசி மந்தம், காரணமற்ற கோபம், பிறர் முகம் பார்க்கக் கூசுதல்...”

அது எங்கள் அச்சகத்தில் அடிக்கும் துண்டறிக்கை. வெளியூரிலிருந்து வந்து விடுதி அறையெடுத்து மருந்து விற்கும் ஒரு வைத்தியருடையது. அவர் போய், இப்போது அவர் மகன் வருகிறார். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை. அறை எண்ணும் போன் எண்ணும்தான் மாறும், மற்ற வரிகள் அப்படியே. எங்கள் அச்சகத்தில் பழைய வேலையானாலும் புரூஃபை மூன்று முறை படிக்கவேண்டும், முதலாவது உரக்க. அது நான் போட்ட சட்டம். ஆறு வருடமாக இவன் அதை உரக்கப் படித்திருக்கிறான். நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அதை அப்போது சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

மறுநாள் முழுக்க நான் அச்சகத்து அலமாரிக்கு முன்னால் நடந்தேன். மெஷின்காரர் இரண்டு முறை “ஏதாவது தேடறீங்களா ஐயா?” என்று கேட்டார். நான் எதையும் தேடவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மாலையில் தம்பி மனைவி அச்சகத்துக்கே வந்து, பெண்ணின் அப்பா போன் செய்ததாகச் சொன்னாள். பத்திரிகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாராம். அதற்குமேல் தள்ள வழியில்லை. சின்னவனைக் கூப்பிட்டேன்.

“நீ சொன்ன பதினொண்ணுல ஏழை எழுதினது நான்.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“வேண்டாம் பெரியப்பா.”

“என்ன வேண்டாம்?”

“கல்யாணம் நின்னா குடும்ப மானம் போயிடும்னு என்ன வேணா சொல்லுவீங்க. டாக்டர்கிட்ட உங்க பேரையே கொடுத்தீங்க இல்ல? இப்ப இதையும் உங்க தலையில போட்டுக்கறீங்க.”

அவன் அம்மாவும் தலையாட்டினாள். விஷயம் அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் மானம் என்றால் நான் எதற்கும் துணிவேன் என்பது அவளுக்கு முழுதாகத் தெரியும். நாற்பது வருடம் நிமிர்ந்து நடந்து சம்பாதித்த பெயர், அந்த நிமிஷம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அலமாரியைத் திறந்தேன். எங்கள் அச்சகத்தில் ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியை, அதன் கையெழுத்து மூலத்தோடு சேர்த்துத் தைத்து வைப்போம். பின்னால் யாராவது “நான் எழுதினது இது இல்ல” என்று சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு. முப்பத்துநான்கு வருடத்துக்கு முந்தைய கட்டைப் பிரித்து அவன் மேஜையில் வைத்தேன்.

வைத்தியர் கொடுத்தது ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாள், நாலு அறிகுறி. அதற்குக் கீழே வேறு மையில், சாய்வில்லாத நேரான கையெழுத்தில், ஏழு. அந்தக் கையெழுத்தை இந்தக் கட்டடத்தில் யாருக்கும் அடையாளம் காட்டவேண்டியதில்லை.

சின்னவன் நெடுநேரம் பார்த்தான். புரூஃப் படிக்கிறவனின் பார்வை; ஒவ்வொரு சொல்லாக.

“ஏன்?”

“தாள்ல கீழ கால்பங்கு காலியா நின்னுது. காலி இடம் விட்டா அச்சகத்துக்குக் கேவலம்னு நினைச்சேன். ‘நீங்களே ஏதாவது சேர்த்துக்குங்க’ன்னு வைத்தியர் போயிட்டார்.”

“முழங்கால் வலி எங்கேருந்து வந்தது?”

“எனக்குத்தான் அப்ப முழங்கால் வலி. நின்னுக்கிட்டே எழுத்துக் கோத்த காலம்.”

“உள்ளங்கை வேர்க்கறது?”

“கூட எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் ஒருத்தர் இருந்தார். எழுத்தெல்லாம் ஈரமாக்குவார்.”

“காரணமில்லாத கோபம்?”

“உங்க தாத்தா.”

மெஷின்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சின்னவன் சிரிக்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டான்.

“முடி உதிர்றது?”

“உங்கப்பா” என்றேன். “முப்பதுக்குள்ள பாதி போயிடுச்சு. அவனுக்கு வந்தது உனக்கும் வருது. அவ்வளவுதான்.”

அவன் எழுந்து நின்றான். அடிப்பானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“ஆறு வருஷமா இதை உங்க முன்னாடி படிச்சேன் பெரியப்பா. ஒரு தடவைகூட உங்களுக்கு ‘இது நான் கட்டிவிட்டது’ன்னு சொல்லத் தோணலையா?”

“கேட்டேன். ஆனா எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும்தான் காது கொடுத்தேன்.”

அவன் அந்தப் பழைய தாளைக் கட்டிலிருந்து பிரித்தெடுத்தான். தைத்ததைப் பிரிக்கக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டந்தான். நான் தடுக்கவில்லை.

“நான் அவளுக்கு போன் பண்றேன். ஏன் நிறுத்தினேன்னு முழுசா சொல்லப் போறேன். டாக்டர் சொன்னதையும் சொல்வேன். எழுதினது யாருன்னும் சொல்வேன். அதுக்கப்புறம் அவ வேண்டாம்னா வேண்டாம்.”

“சின்னவனே, பெரியவங்க பேரை அங்க எல்லாம் இழுக்காதடா” என்று அவன் அம்மா பதறினாள்.

எனக்கும் நாக்கு வரை அதுதான் வந்தது. அந்தக் கூடத்தில் எனக்குக் கொடுத்த நாற்காலி, அந்தத் தலைமையாசிரியர் எழுந்து நின்று என்னை வரவேற்ற விதம் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் என் பெயரை விட்டுவிட்டுச் சொன்னால் இவன் முட்டாளாக நிற்பான். தானாகவே ஒரு பயத்தைக் கற்பனை செய்துகொண்ட பிள்ளை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

“சொல்லு” என்றேன். “ஒரு வரி விடாம சொல்லு.”

அவன் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் மெஷினைச் சுற்றி நடந்தேன். உள்ளே அவன் குரல் மட்டும் முதலில் கேட்டது, தாழ்ந்து, நின்று நின்று. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. மெஷின்காரர் ஸ்டூலைத் தள்ளிவைத்தார், உட்காரவில்லை. தம்பி மனைவி புடவை முனையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே சின்னவன் சிரித்தான். சிரிப்பா அழுகையா என்று முதலில் பிரிக்க முடியவில்லை. சிரிப்புத்தான்.

கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் மெஷின்காரரிடம் சொன்னான்:

“மீதியை ஓட்டிடுங்க அண்ணே.”

மெஷின் சத்தம் எழுந்தது. தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் என் பக்கம் வந்தான். கையில் போன் இன்னும் இணைப்பில் இருந்தது.

“நான் இன்னும் உங்க மேல கோபமாத்தான் இருக்கேன்.”

“இருக்கட்டும்.”

“அவ அப்பா பக்கத்துலதான் இருந்தாராம். எல்லாத்தையும் கேட்டுட்டார். உங்ககிட்ட பேசணுமாம்.”

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். போட்டபிறகுதான் அவர் என்னைப் பார்க்கப் போவதில்லை என்பது உறைத்தது. மெஷின் சத்தத்தில் காது கேட்காது என்று வாசல் வரை போனேன். போனைக் காதில் வைத்து, அவர் பேசட்டும் என்று காத்திராமல், நானே தொடங்கினேன்.

“ஆமாங்க. நான்தான் எழுதினேன்.”