இருபத்தாறு பேருக்குத் தைத்தவள்

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்துக்குள் இருபத்தாறு பேரும் திரையில் வந்துவிட்டார்கள். ஒரு மாடிக் கட்டடம், படிக்கட்டில் குறுக்காகச் சிக்கிக்கொண்ட ஒரு பீரோ. மேலே இருப்பவர்கள் இறங்க முடியாது, கீழே இருப்பவர்கள் ஏற முடியாது. பல் டாக்டர், சமையல்காரர், தபால்காரர், வீட்டை விட்டு ஓடப் பார்க்கும் ஒரு மணப்பெண், ஒரு நாய் என்று அத்தனை கிறுக்குகளும் அந்தப் படிக்கட்டில்தான். நாயைத் தவிர எல்லார் உடம்பிலும் நான் தைத்த துணி.

"ஊசி பிடிக்கிறவ பேரையெல்லாமா சினிமாவுல போடுவாங்க? உனக்கு ஆனாலும் ஆசை ஜாஸ்தி" என்று வழி முழுக்க நச்சரித்துக்கொண்டே வந்த என் நாத்தனார், பின்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில்.

"கடைசியில போடுவாங்க அண்ணி. மாஸ்டரே சத்தியம் பண்ணியிருக்காரு."

மாஸ்டர் என்றால் எங்கள் தையல் கடை முதலாளி. முன் வரிசையில் புதுச் சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டையும் நான் தைத்ததுதான்.

பல் டாக்டர் கோபத்தில் கையை நீட்டினார். வலது கை மட்டும் விரல் நுனிகூடத் தெரியாமல் கோட்டுக்குள் போய்விட்டது. சமையல்காரர் பதிலுக்குக் கையை நீட்ட, அவர் கோட்டின் கை முழங்கையிலேயே நின்றது. தியேட்டரே அலறியது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அது என் தப்பு. ஒரே நாளில் இருபத்தாறு பேருக்கு வெட்டிக் கட்டுக்கட்டாக வைத்ததில், இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் வலது கை மாறிவிட்டது. ஆறடி ஆளின் கை ஐந்தடி ஆளுக்கு. அன்றைக்கு மாஸ்டர் படப்பிடிப்பு ஆட்கள் முன்னால் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். டைரக்டர்தான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிரிக்கவே கூடாது என்றார். மறுநாளே அது மாஸ்டரின் யோசனை ஆகிவிட்டது.

பீரோ ஒருவழியாகக் கீழே வந்தது. பெயர்கள் ஏறத் தொடங்கின. உடனே விளக்கு எரிந்தது, திரை அணைந்தது, துடைப்பங்கள் உள்ளே வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மேனேஜர் வந்தார். "எழுந்திரிங்கம்மா, அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்."

"படம் இன்னும் முடியலையே."

"பீரோவே வெளிய வந்துடுச்சு. இன்னும் என்ன?"

"பேரு வரணும்."

"யார் பேரு?"

"என் பேரு."

நாத்தனார் தொடையில் கிள்ளினார். "மானம் போகுது, எழுந்திரு."

"போனாப் போகட்டும் அண்ணி. பேசாம உட்காருங்க."

வாசல்வரை போனவர்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையைக் காட்டினார். பெயர்கள் மறுபடி ஓடின. இருபத்தாறு நடிகர்கள், விளக்குப் பிடித்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், டீ கொடுத்தவர், நாய்க்குக்கூட ஒரு வரி. பிறகு 'உடைகள்' என்று வந்தது. அதன் கீழே மாஸ்டர் பெயர், அது மட்டும்.

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இந்த ஆளுக்கு முன்னாலா அழுவது, ச்சீ! மாஸ்டர் பூனை மாதிரி வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நில்லுங்க."

"அது வந்தும்மா, ஒரு பேருதான் போட முடியும்னுட்டாங்க. அடுத்த படத்துல பார்த்துக்கலாம்."

"ஒண்ணுதான்னா தைச்சவ பேரைப் போட வேண்டியதுதானே?"

"இங்க நின்னு எதுக்குக் கத்துற? கடையில பேசிக்கலாம்."

"கை மாறினப்போ எத்தனை பேர் முன்னாடி கத்துனீங்க? அப்போ மட்டும் என் பேரு ஞாபகம் இருந்துச்சா? தப்பாத் தைச்ச ரெண்டு கையும் என்னுது. சரியாத் தைச்ச மத்த ஐம்பது கையும் என்னுதுதான்!"

யாரோ விசிலடித்தார்கள். மாஸ்டர் முகம் சுண்டிப்போனது.

"நாளைக்கு முப்பது பேர் அளவு கொடுக்க வர்றாங்க இல்ல? நீங்களே எடுங்க. நான் வரலை. நீங்க டேப்பைத் தொட்டு ஆறு வருஷம் ஆச்சு, இன்னைக்கே பழகிக்கோங்க."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். வேலை போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தால் உறைக்கட்டும்.

திரைக்கு அடியில் போய் நின்றேன். அடுத்த ஷோவுக்கு வந்தவர்கள் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து, இனிஷியலோடு, என் பெயரைச் சொன்னேன். இந்தப் படத்தின் உடைகளைத் தைத்தவள் நான் என்றும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "இங்க சரியாக் காதுல விழல! இன்னொரு தடவை சொல்லு!"

சொன்னேன்.